கட்சுயாமா ஊர்ப் பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரிய ஓபன் இறகுப்பந்து இறுதிப் போட்டியில் கொரியாவின் ஆன் சே-யங்கை அவர் நாட்டு ரசிகர்கள் முன்னாலேயே 21-18, 21-13 என்று ஜப்பானின் அகானே யமாகுச்சி வென்ற செய்தி உங்கள் விளையாட்டுப் பக்கத்தின் அடியில் நான்கு வரியில் வந்திருந்தது. அதில் பாதி, ‘டோக்கியோ ஒலிம்பிக்கில் பி.வி. சிந்துவிடம் தோற்றவர்’ என்ற அறிமுகத்துக்கே போய்விட்டது. தோற்றவர்தான், மறுக்கவில்லை. ஆனால் பணிக்காலம் முழுவதும் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள் நான். இந்தப் பிள்ளையின் ஆட்டத்தை அவருடைய பதினாறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன். அந்த நான்கு வரியோடு விட்டுவிட மனம் வரவில்லை.

முதலில் சிந்துவோடு அவர் ஆடிய ஆட்டங்களையே எடுத்துக்கொள்வோம், நம் வாசகர்களுக்கு அது பழக்கமான இடம். 2017 டிசம்பரில் துபாயில் நடந்த சூப்பர் சீரிஸ் என்ற உலகத் தொடரின் இறுதிச்சுற்றில் முதல் கேமை 15-21 என்று இழந்துவிட்டு, அடுத்த இரண்டையும் 21-12, 21-19 என்று எடுத்து யமாகுச்சி பட்டம் வென்றார். 2019 ஜூலையில் இந்தோனேசிய ஓபன் இறுதிப் போட்டியிலும் சிந்துவை நேர் கேம்களில் வென்றார். அடுத்த வாரமே ஜப்பான் ஓபன் காலிறுதியிலும் அதுவே நடந்தது. டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியில் சிந்து 21-13, 22-20 என்று ஜெயித்தார். அன்றும் இரண்டாவது கேமில் 20-18 என்று முன்னால் இருந்தவர் யமாகுச்சி. சிந்துவின் உயரம் 179 செ.மீ., யமாகுச்சி 156 செ.மீ. உயரக்காரர் கையை நீட்டினால் எட்டும் பந்துக்கு இவர் ஓரடி கூடுதலாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் எம்ப வேண்டும். ஆட்டம் முழுக்க அதைச் செய்துகொண்டே இருப்பவரை ‘தோற்றவர்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி நான் எழுத வந்த விஷயம்.

ஜப்பானின் ஃபுகுய் மாகாணத்தில் கட்சுயாமா என்றொரு சிற்றூர். சுற்றிலும் மலை, குளிர்காலம் முழுக்கப் பனி. ஒரு காலத்தில் பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். இப்போது டைனோசர் எலும்புகளுக்கான அருங்காட்சியகத்தைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். மக்கள்தொகை இருபதாயிரத்துச் சொச்சம், நம் பேரூராட்சிகள் சிலவற்றில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். அங்கே 1997 ஜூன் 6-ஆம் தேதி பிறந்தவர் யமாகுச்சி. அண்ணன் விளையாடுவதைப் பார்த்துத் தானும் மட்டை எடுத்தவர்.

இவ்வளவு சின்ன ஊரில் இறகுப்பந்து எப்படி வேர்விட்டது? ஜப்பானில் தேசிய விளையாட்டு விழா ஆண்டுக்கொரு மாகாணமாகச் சுற்றி வரும். ஒரு மாகாணத்தின் முறை வரும்போது எல்லாப் போட்டியையும் தலைநகரில் குவிக்காமல், ஓர் ஊருக்கு ஒரு விளையாட்டு என்று பிரித்துக் கொடுப்பார்கள். 1968-இல் ஃபுகுய் மாகாணத்தின் முறை வந்தபோது கட்சுயாமாவுக்குக் கிடைத்தது இறகுப்பந்து. விழா முடிந்து வெளியூர் அணிகள் போய்விட்டன. விளையாட்டு மட்டும் ஊரோடு தங்கிவிட்டது. பனி கொட்டும் மாதங்களில் உள்ளரங்கில் ஆடத் தோதான ஆட்டம் வேறு. பெரியவர்கள் ஆடினார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். யமாகுச்சி பிறப்பதற்கு ஏறக்குறைய முப்பது வருடம் முன்னால் போட்ட விதை அது. ஐம்பது வருடம் கழித்து 2018-இல் மறுபடி ஃபுகுய் மாகாணத்தின் முறை வந்தபோதும் இறகுப்பந்து கட்சுயாமாவில்தான் நடந்தது. அதற்குள் அந்த ஊர்ப் பெண் உலகின் முதலிடத்தைத் தொட்டிருந்தார்.

பதினைந்து வயதில் அந்தப் பிள்ளை எடுத்த முடிவைத்தான் என் மாணவிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். நடுநிலைப் பள்ளி முடிக்கும்போதே பெயர் பரவியிருந்தது. இறகுப்பந்துக்குப் பேர்போன உயர்நிலைப் பள்ளிகள் ஜப்பானில் பல உண்டு, விடுதியோடு, தனிப் பயிற்சியாளர்களோடு. அங்கெல்லாம் போகாமல், சொந்த ஊரில் இருந்த கட்சுயாமா உயர்நிலைப் பள்ளியிலேயே சேர்ந்தார். அது மாகாண அரசின் பள்ளி, எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் சாதாரணப் பள்ளி.

சேர்ந்த முதல் வருடமே, 2013 செப்டம்பரில், ஜப்பான் ஓபன் பட்டத்தை வென்றார். இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்றவர் சக ஜப்பானியரான ஷிசுகா உச்சிதா. சூப்பர் சீரிஸ் பட்டம் வென்றவர்களில் மிக இளையவர் என்ற பெயர் அன்று பதினாறு வயதுப் பள்ளி மாணவிக்குக் கிடைத்தது. அடுத்த சில வாரங்களில் பாங்காக்கில் உலக ஜூனியர் பட்டம். 2014-இல் மலேசியாவின் அலோர் ஸ்டாரில் சீனாவின் ஹே பிங்ஜியாவை வென்று மறுபடியும் அதே பட்டம். நடுவில் பள்ளி மாணவர்களுக்கான தேசியப் போட்டியையும் விடவில்லை. அதில் தொடர்ந்து மூன்று வருடம் ஒற்றையர் பட்டம்.

பாங்காக் ஜூனியர் இறுதியில் எதிரே நின்றவர் அயா ஓஹோரி. அவர் படித்தது ஃபுகுஷிமாவின் தொமியோகா பள்ளியில். இறகுப்பந்துக்கென்றே பிள்ளைகள் வெளியூர்களிலிருந்து தேடிப்போய்ச் சேர்ந்த பள்ளி அது. பிற்பாடு இரண்டு முறை உலக சாம்பியனான கென்டோ மொமோட்டாவும் ககாவா மாகாணத்திலிருந்து சிறு வயதிலேயே வீட்டை விட்டு வந்து அங்கேதான் வளர்ந்தார். 2011 நிலநடுக்கமும் அணு உலை விபத்தும் தொமியோகா ஊரையே காலி செய்ய வைத்தபோது, இறகுப்பந்துப் பிள்ளைகள் இனவாஷிரோ என்ற இடத்துக்குப் போய்ப் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். அதுவும் மரியாதைக்குரிய வழிதான், குறை சொல்ல மாட்டேன். ஊரை விட்டுப் போய் மேலே வந்தவர்கள் உண்டு, ஊரிலேயே இருந்து மேலே வந்தவர்களும் உண்டு என்பதைத்தான் சொல்ல வருகிறேன். நம் பக்கத்தில் முதல் வகைக் கதையை மட்டும் கேட்டுக் கேட்டு, ‘டீச்சர், எம் பொண்ணை இப்பவே ஐதராபாத் அகாடமில கொண்டுபோய் விட்டாத்தானே உருப்படும்?’ என்று பத்து வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் பெற்றோர். நிலத்தை அடகு வைக்கத் தயாராக வந்த அப்பாவையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யமாகுச்சியின் பெயரைச் சொன்னால், ‘சிந்துகிட்ட தோத்துச்சே, அந்தப் பொண்ணா?’ என்கிறார்கள். பத்திரிகை சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான் என்னும்போது அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

பள்ளி முடித்தபின் 2016-இல் அவர் குமாமோட்டோவில் உள்ள சைஷுன்கான் மருந்து நிறுவனத்தின் அணியில் சேர்ந்தார். ஜப்பானில் முன்னணி வீரர்கள் பெரும்பாலும் இப்படி ஒரு நிறுவன அணியில்தான் இருப்பார்கள். நம் ரயில்வேயும் எண்ணெய் நிறுவனங்களும் வீரர்களுக்கு வேலை கொடுப்பது போன்ற ஏற்பாடுதான், ஆனால் அங்கே அணிகளுக்குள் லீக் போட்டியும் வருடந்தோறும் நடக்கிறது. அவர் சேர்ந்த அதே ஏப்ரலில்தான் குமாமோட்டோவைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. நான்கு மாதத்தில் ரியோ ஒலிம்பிக். அங்கே காலிறுதியில் தன்னைவிட இரண்டு வயது மூத்த நொசோமி ஒகுஹாராவிடம் தோற்றார். 2012 ஜூனியர் உலக இறுதியில் தோற்றதும் இதே ஒகுஹாராவிடம்தான். 2017 உலகப் போட்டி இறுதியில், கிளாஸ்கோவில், சிந்துவோடு 110 நிமிடம் ஆடினாரே, அவர்.

2018 ஏப்ரலில் உலகின் முதலிடம். அடுத்த மாதம் ஜப்பான் பெண்கள் பெண்களுக்கான உலக அணிப் போட்டியான ஊபர் கோப்பையை 37 வருடம் கழித்துக் கைப்பற்றியபோது, தாய்லாந்துக்கு எதிரான இறுதியில் முதல் ஆட்டத்தை ஆடி வென்று கொடுத்தவர் யமாகுச்சி. பிறகு டோக்கியோ. சொந்த நாட்டு ஒலிம்பிக், ஆனால் கொரோனாவால் அரங்கில் ஒரு ரசிகர்கூட இல்லை. அந்தக் காலிறுதியைத்தான் நாம் எல்லோரும் கொண்டாடினோம், நானும் கைதட்டினேன். ஐந்து மாதம் கழித்து ஸ்பெயினின் உவெல்வாவில், தைவானின் தாய் ட்ஸூ-யிங்கை 21-14, 21-11 என்று வென்று யமாகுச்சி உலக சாம்பியன் ஆனார். 2019-இல் சிந்து வென்ற பட்டம் அது. சிந்துவுக்கு அடுத்து அதைக் கையில் வாங்கியவர் இவர். 2022-இல் உலகப் போட்டி முதல்முறையாக ஜப்பானில் நடந்தபோது, ரசிகர்கள் நிறைந்த டோக்கியோ அரங்கில் சீனாவின் சென் யூஃபெயை மூன்று கேம்களில் வென்று பட்டத்தைத் தக்கவைத்தார்.

அதற்குப்பின் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 2024 ஆல் இங்கிலாந்து இறுதியில் ஸ்பெயினின் கரோலினா மாரினிடம் முதல் கேமை 24-26 என்று விட்டு, இரண்டாவதில் 1-11 என்று இருந்தபோது காயத்தால் விலகினார். பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் ஆன் சே-யங்குக்கு எதிராக முதல் கேமை வென்றும், கடைசியில் 8-21 என்று கால்கள் சோர்ந்து நின்றதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மூன்று ஒலிம்பிக், மூன்றிலும் காலிறுதி, பதக்கம் இல்லை. இருபத்தேழு வயது. பலரும் கணக்கை முடித்திருப்பார்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் அதே பாரிஸில், அதே அரங்கில் உலகப் போட்டி. இறுதியில் சென் யூஃபெயை 21-9, 21-13 என்று வென்று மூன்றாவது முறை உலக சாம்பியன் ஆனார். பெண்கள் ஒற்றையரில் அதற்குமுன் மூன்று பட்டம் வைத்திருந்தவர் மாரின் ஒருவர்தான்.

விளையாடும் பிள்ளைகள் இவருடைய ஆட்டத்தில் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுவேன். பந்தை அடித்த இடத்திலேயே நின்று அழகு பார்க்க மாட்டார். எதிராளி மட்டையை ஓங்குவதற்குள் நடுவுக்கு வந்து, குதிகால் தரையில் பதியாமல், அடுத்த திசைக்குத் தயாராக இருப்பார். விழுந்து எடுத்தாலும் அடுத்த நொடி எழுந்துவிடுவார். நாமெல்லாம் போய்விட்டது என்று நினைக்கிற பந்து திரும்பி வரும். திறந்தவெளி மைதானத்தில், காற்றோடு சண்டை போட்டு ஷட்டில் பழகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இந்தக் கால்வேலையைச் சொல்லிக்கொடுக்க முடியும். இதற்கு ஏசி அரங்கு வேண்டாம், ஒரு டப்பா இறகுப் பந்தும் கூடவே நிற்க ஓர் ஆளும் போதும்.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள். யமாகுச்சி இன்னும் சில வருடமாவது ஆடுவார், அவரைப் பற்றி அரைப் பக்கம், படத்தோடு, கட்சுயாமா ஊரையும் அந்தப் பள்ளியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது, ஜப்பானில் வட்டார நாளிதழ்கள் பள்ளிப் போட்டி முடிவுகளை மாணவர் பெயரோடு அச்சிடுகின்றன. நம் குறுவட்ட, வருவாய் மாவட்டப் போட்டிகளில் ஜெயிக்கும் பிள்ளைகளின் பெயரையும் பள்ளியையும் வாரம் ஒருமுறையாவது மாவட்டப் பக்கத்தில் போடுங்கள். முடிவுகளைத் தொகுத்து அனுப்ப உடற்கல்வி ஆசிரியர்கள் தயாராக இருக்கிறோம். எங்கள் பகுதியின் இந்த வருடப் பட்டியலைத் தனித் தாளில் எழுதி இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
மன்னார்குடி.