மூணாவது மாடி ரூமை மூணு மணி நேரம் குடுங்க

நம்ம வட்டாரத்து சிசி (சமூக மன்றம்) இந்தியர் நற்பணிக் குழு அங்கிள், ஆன்ட்டி எல்லாருக்கும் வணக்கம்.

போன மாசம் புக்கிங் ஃபார்ம்ல நிகழ்ச்சி வகைங்கிற கட்டத்துல 'பங்க் இசை'ன்னு (வேகமா, சத்தமா, அதிகாரத்த எதிர்த்துப் பாடுற ராக் இசை) எழுதிக் குடுத்தது நாங்கதான். ரெண்டு நாள் கழிச்சு உங்கள்ல ஒரு அங்கிள் போன் பண்ணி, "தம்பி, இது வெறும் கத்தலாச்சே, நம்ம கலாச்சாரத்துக்கு ஒத்து வராதே, கீபோர்டு வச்சு பழைய பாட்டு பாடுறீங்களா?"ன்னு கேட்டாரு. அன்பாத்தான் கேட்டாரு, நான்தான் "சரி அங்கிள்"னு சொல்லி வச்சிட்டேன், அன்னைக்கு வாய்ல வராதத இப்ப எழுதுறேன்.

கத்தல்தான், ஒத்துக்கிறேன். ஆனா அந்தக் கத்தல் எங்கெங்க ஒளிஞ்சு உயிர் பொழச்சுதுன்னு பாருங்க. கிழக்கு ஜெர்மனில அரசாங்க அனுமதி இல்லாம எந்தக் குழுவும் மேடை ஏற முடியாது, அதனால பங்க் பசங்களுக்கு இடம் குடுத்தது சர்ச்சுங்க. 1983 மார்ச்ல மேற்கு ஜெர்மனிலேர்ந்து டீ டோட்டன் ஹோசன்ங்கிற பங்க் குழு வெறுங்கைய வீசிக்கிட்டு டூரிஸ்ட் மாதிரி எல்லை தாண்டி வந்து, உள்ளூர்ப் பசங்களோட கிட்டார இரவல் வாங்கி, கிழக்கு பெர்லின் சர்ச் ஒண்ணுல வழிபாடுங்கிற பேர்ல வாசிச்சாங்க. அடுத்த மாசமே ஹாலே ஊர் சர்ச்சுல பங்க் கச்சேரி, அதுல பாடின நாம்லோஸ் குழுவ (பேரில்லாதவங்கன்னு அர்த்தம்) அந்த வருஷமே பாட்டு வரிக்காக ஜெயில்ல போட்டாங்க. அந்தப் பாதிரியாருங்க எல்லாருக்கும் இந்தப் பாட்டு பிடிச்சிருக்கும்னு நான் நம்பல, இருந்தும் சாவிய எடுத்துக் குடுத்தாங்க இல்ல!

யுகோஸ்லாவியா தலைநகர் பெல்கிரேடு இன்னொரு கதை. 1992ல யுகோஸ்லாவியா உடைஞ்சு சண்டை நடக்கறப்ப, ரிம்துதிதுகி குழு போருக்கு எதிரா சதுக்கத்துல பாட அனுமதி கேட்டாங்க, கிடைக்கல, சரி போன்னு லாரி மேல ஏறி ஊரச் சுத்திக்கிட்டே பாடினாங்க. அதே வருஷம் ஏப்ரல்ல போஸ்னியா தலைநகர் சரயேவோவ முற்றுகை போட்டாங்க, 1,425 நாள், கரண்ட் தண்ணி ஒண்ணும் ஒழுங்கா கிடையாது, அதுக்குள்ளயும் பசங்க ஜெனரேட்டர் கிடைச்சப்ப பேஸ்மெண்ட்ல கச்சேரி வச்சாங்க. இதப் படிச்சப்ப எனக்கு யாழ்ப்பாணத்துக்கார கூட்டாளியோட மாமா ஞாபகம்தான் வந்துச்சு. அங்க பேட்டரிக்குத் தடை இருந்த காலத்துல சைக்கிள கவுத்துப் போட்டு, ஒருத்தர் பெடல கையால சுத்த, டைனமோல வர்ற கரண்ட்ல ரேடியோ பாடுமாம், சுத்துற கை அசந்தா பாட்டு இழுத்து இழுத்து நின்னுடுமாம். அது சினிமாப் பாட்டுதான், பங்க் இல்ல, ஆனா அந்தக் கை வலி எல்லா ஊருக்கும் ஒண்ணுதானே.

இங்க போர் இல்ல, தெரியும். ஆனா நம்ம சிங்கப்பூர்லயும் தொண்ணூறுகள்ல ஸ்லாம் டான்ஸுக்கு (கச்சேரில ஒருத்தர் மேல ஒருத்தர் மோதி ஆடுறது) தடை இருந்துச்சு, அப்ப ஆர்மீனியன் ஸ்ட்ரீட் சப்ஸ்டேஷன்ங்கிற கலை மையத்தோட பின்பக்கத் தோட்டத்துல பங்க் குழுங்க வாசிச்சாங்க. 1990ல அந்த இடத்த ஆரம்பிச்ச குவோ பாவ் குன் நாடகக்காரரு, அவரே எழுபதுகள்ல நாலு வருஷத்துக்கு மேல விசாரணை இல்லாம தடுப்புக் காவல்ல இருந்தவரு. 2021ல சப்ஸ்டேஷன் அந்தக் கட்டடத்த விட்டு வெளிய வந்துடுச்சு. நம்மாளுங்களும் இதுல ஒதுங்கி நிக்கல, ருத்ரா 1992ல ஆரம்பிச்ச குழு, அவங்க மெட்டல்தான் (அதுவும் சத்தமான ராக் வகை), ஆனா சத்தத்துல அங்கிளுக்கு வித்தியாசம் தெரியாது லா.

மேடை வேணாம், பேனர் வேணாம், விஐபி மாலை வேணாம். சனிக்கிழமை மூணுலேர்ந்து ஆறு, பரதநாட்டிய கிளாஸ் முடிஞ்சப்புறம் சும்மா கிடக்கிற அந்த மூணாவது மாடி ரூம் போதும். முதல் பாதி இந்தக் கதைங்கள சொல்லி பாட்டு போடுவோம், அப்புறம் ரெண்டு தமிழ் குழு, ஆளுக்கு இருபது நிமிஷம். டிரம்ஸ் மேல துண்டு போட்டுத்தான் அடிப்போம், கீழ பேட்மிண்டன் ஆடுறவங்களுக்குக் கேக்காது. வாடகை, டெபாசிட் ரெண்டும் எங்க கைக்காசு.

போன் பண்ண அங்கிள் கண்டிப்பா வரணும். கதவு பக்கத்துலயே நாற்காலி போட்டு வைக்கிறேன், காதுக்குப் பஞ்சும் வாங்கி வைக்கிறேன்.