"பிள்ளை எப்படித் தூங்குகிறாள்?" என்று கேட்டவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

என் மகளின் தாடை மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து இந்தப் பங்குனியோடு ஓராண்டு நிறைகிறது. திருமங்கலத்திலிருந்து மதுரை வரைக்கும் நாங்கள் நேரில் போய்க் கைகூப்ப வேண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆகையால் எல்லோரும் படிக்கும்படியாக இந்த மடலை எழுதுகிறேன்.

மூன்று வயதில், என் பிறந்த வீட்டுத் திண்ணைப் படியில் தடுக்கி விழுந்ததில் அவளுடைய முகவாய்க்கட்டை கிழிந்தது. பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்றில் நான்கு தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அவள் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போயிற்று. இட்லியை விண்டு பல்லிடுக்கில் திணித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். அடம் பிடிக்கிறாள் என்று நினைத்து அவளை அடித்தும் இருக்கிறேன்.

இரவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மல்லாந்து படுத்தால் அவளால் தூங்க முடியாது. தலையணையைக் கட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கி, கழுத்தைப் பின்னால் நீட்டியபடி உட்கார்ந்தே தூங்குவாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே இழுக்கும். குறட்டை அடுத்த வீட்டுக்குக் கேட்கும். திடீரென்று எல்லாம் நின்று வீடே நிசப்தமாகும். பிறகு உடம்பு தூக்கிப்போட, வேர்த்து நனைந்து விழிப்பாள். உறவினர்களோ, "குறட்டை விட்டா பிள்ளை அசந்து தூங்குதுன்னு அர்த்தம்" என்றார்கள். நானும் அதை நம்பியிருந்தேன். என் மாமியார் ஒருவர்தான் நம்பவில்லை. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அவளைத் தம் மார்பில் சாய்த்துக்கொண்டு, மூச்சு நின்ற ஒவ்வொரு முறையும் தோளைத் தட்டி எழுப்பினார். அத்தை, அந்த நாள்களில் உங்களுக்கு நன்றி சொல்லும் அறிவு எனக்கு இருக்கவில்லை.

நான்காம் வகுப்பு ஆசிரியை, வகுப்பில் தூங்கி விழுந்த பிள்ளையைத் திட்டாமல் என்னை அழைத்துப் பேசினார். பள்ளியின் சத்துணவு ஆயாம்மா, அவித்த முட்டையை ரசத்தில் மசித்துக் கஞ்சிபோலக் கரைத்து, மற்றப் பிள்ளைகள் கேலி செய்யாதபடி சமையல்கட்டின் பின்னால் உட்கார வைத்து நாள்தோறும் ஊட்டியிருக்கிறார். ஒன்பது வயதில் 17 கிலோ இருந்தவள் அதற்கும் கீழே இறங்காமல் இருந்தது அவர் கையால்தான்.

சொத்தைப் பல்லுக்காகப் போன இடத்தில்தான் வழி பிறந்தது. அந்தப் பல் மருத்துவர் அடிஸ்கேலை வைத்து அளந்தார்: மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையில் 5 மில்லிமீட்டர். தம் மூன்று விரல்களை நெட்டுக்குத்தாக அடுக்கி, "அவங்கவங்க விரல் மூணு அவங்கவங்க வாய்க்குள்ள போகணும்மா" என்றார். பிறகு அவளைப் பக்கவாட்டில் திருப்பி, உள்வாங்கியிருந்த முகவாயைப் பார்த்துவிட்டு, "பிள்ளை ராத்திரி எப்படித் தூங்குது?" என்று கேட்டார். அத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேரிடம் காட்டியிருக்கிறோம். வாயைப் பார்த்தவர்கள் தூக்கத்தைக் கேட்டதில்லை, குறட்டைக்கு மருந்து கொடுத்தவர்கள் வாயைத் திறக்கச் சொன்னதில்லை.

அவர் சொன்ன விளக்கத்தை என் சொற்களில் தருகிறேன். முகவாய் தரையில் மோதும்போது அந்த அடி காதுகளுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டுகளுக்குப் போய்ச் சேர்கிறது. சிறு பிள்ளைகளுக்கு அங்கே எலும்பு நொறுங்கி, மூட்டுக்குள் இரத்தம் கட்டி, நாளடைவில் அதுவே எலும்பாக இறுகித் தாடையை மண்டையோட்டோடு பிணைத்துவிடக்கூடும். கீழ்த்தாடை வளர்வதற்கு அந்த மூட்டுமுனையும் அதன் அசைவும் தேவை என்பதால், அது இறுகிய பிறகு தாடை முன்னோக்கி வளர்வதில்லை. பின்தங்கிய தாடைக்குள் நாக்குக்கு இடம் போதாது. விழித்திருக்கும்போது தசைகள் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. தூக்கத்தில் தசைகள் தளர்ந்ததும் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுக்குழலின் வாசலை அடைக்கிறது. வாய் திறக்காததும் மூச்சு நின்றுபோவதும் எங்களுக்கு இரண்டு நோயாகத் தெரிந்தன. இரண்டும் அந்த ஒரே மூட்டிலிருந்து வந்தவை.

தூக்கப் பரிசோதனை அன்று இரவு முழுதும் கண்ணாடிக்கு அப்பால் விழித்திருந்த இளைஞருக்கு நன்றி. தலையிலும் நெஞ்சிலும் ஒட்டிய வயர்களைக் கண்டு அழுதவளிடம், ஒவ்வொரு வயருக்கும் ஒரு பூவின் பெயர் வைக்கச் சொல்லிச் சிரிக்க வைத்தார். பெரியவர்களுக்கு மணிக்கு 5 தடவைக்குக் கீழே மூச்சு தடைப்பட்டால் பிழையில்லை என்று கொள்கிறார்கள். பிள்ளைகளுக்கு 1-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 10-ஐத் தாண்டினால் கடுமை. என் மகளுக்கு 34. இரத்தத்தில் ஆக்சிஜன் 71 விழுக்காடு வரை இறங்கியிருந்தது.

வருமானச் சான்றில் இருந்த எழுத்துப் பிழையால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட விண்ணப்பம் நின்றபோது, அன்று மாலைக்குள் திருத்திக் கொடுத்த அலுவலக உதவியாளரையும் மறவேன்.

முகத்தாடை அறுவை மருத்துவர் எங்களுக்காக ஒரு முழு மாலையை ஒதுக்கினார். மூட்டை முதலில் விடுவித்துவிட்டுப் பிறகு தாடையை நீட்டும் மருத்துவர்களும் உண்டு என்றும், இவளுக்கு மூச்சுதான் அவசரம் என்பதால் தாம் தாடையை முதலில் நீட்டப்போவதாகவும் சொன்னார். எலும்பை அறுத்து, இரண்டு பக்கமும் திருகு உள்ள ஒரு கருவியைப் பொருத்தி, சில நாள் விட்டு, அந்தத் திருகைச் சாவியால் திருப்பி நாளுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் விலக்கிக்கொண்டே போனால் இடைவெளியில் புது எலும்பு ஊறி வரும். ரஷ்யாவில் இலிசாரோவ் என்ற மருத்துவர் கால் எலும்புகளில் நிலைநாட்டிய முறை அது. 1992-இல் அமெரிக்காவில் மெக்கார்த்தி என்ற அறுவை மருத்துவரின் குழுவினர் பிள்ளைகளின் கீழ்த்தாடைக்கு அதைச் செய்து வெளியிட்டார்கள்.

வாய் திறக்காத பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுப்பதே பெரிய கண்டம் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. வாய் வழியாகக் குழாய் விட இயலாது. முழுதாக மயக்கினாலோ மூச்சு அடைத்துக்கொள்ளும். மயக்கவியல் மருத்துவர், அவள் தானாக மூச்சுவிடும் நிலையிலேயே மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்தி வழி கண்டார். முதல்நாளே அவளைத் தேடி வந்து, அந்தக் குழாயை அவள் கையில் கொடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னவர் அவர்.

அறுவை முடிந்த ஆறாம் நாளிலிருந்து திருகைத் திருப்ப வேண்டும். காலையில் அரை மில்லிமீட்டர், இரவில் அரை மில்லிமீட்டர், இரண்டு பக்கமும். முதல்நாள் சாவியைப் பிடித்த என் கை நடுங்கியது. செவிலியர் என் கைமேல் தம் கையை வைத்துத் திருப்பினார். மூன்றாம் நாள் கையை எடுத்துக்கொண்டார். 14 நாளில் 14 மில்லிமீட்டர். பத்தாம் நாள் இரவு எனக்குத் திடுக்கென்று விழிப்பு வந்தது. சத்தமே இல்லை. ஓடிப் போய் மூக்கின் கீழ் விரலை வைத்தேன். வெதுவெதுப்பாக, சீராக மூச்சு வந்துகொண்டிருந்தது. விடியும்வரை அத்தையும் நானும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

புது எலும்பு கெட்டிப்பட மூன்று மாதம் காத்திருந்து, கருவியை எடுக்கும்போதே இறுகிய மூட்டையும் விடுவித்து, மறுபடி ஒட்டாதபடி நெற்றிப்பொட்டுத் தசையின் ஒரு துண்டை நடுவில் வைத்துத் தைத்தார்கள். அதற்குப் பிறகு பயிற்சிதான் மருந்து. வலிக்குப் பயந்து நிறுத்தினால் மூட்டு திரும்பவும் இறுகிவிடும். பல்லுக்கிடையே ஐஸ் குச்சிகளை அடுக்கி, நாள்பட ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் கட்டுக் கட்டாகக் குச்சி கொடுத்துக் காசு வாங்க மறுத்துவிட்டார். அழுதுகொண்டே அவள் அடுக்கிய குச்சிகளைத் தெருப் பிள்ளைகள் உரக்க எண்ணுவார்கள். இன்று 17 குச்சி போகிறது.

தாடை மூட்டில் கோளாறு வரும் பெரியவர்களின் கதை வேறு. அவர்களில் பெரும்பாலோருக்கு மூட்டு எலும்பாக இறுகுவதில்லை. வலி, மெல்லும்போது சொடக்குச் சத்தம், காலையில் நெற்றிப்பொட்டில் கனம் என்று வருகிறது. தூக்கத்தில் மூச்சடைப்பின் அறிகுறிகள் உள்ளவர்களுக்குத் தாடை மூட்டு வலி புதிதாகத் தோன்றும் வாய்ப்பு கூடுதல் என்று 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. இதையும் அந்தப் பல் மருத்துவரே சொன்னார். குறட்டைக்காகத் தாடையை முன்னே இழுத்து நிறுத்தும் பல் கருவி அணிவோர், மூட்டில் வலி இருந்தால் முதலில் அதைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். இழுப்பின் பாரம் அந்த மூட்டில்தான் விழுகிறது. லாரி ஓட்டும் என் அண்ணன் இதைக் கேட்டுத்தான் தாமும் பரிசோதனைக்குப் போனார். இப்போது இரவில், மூச்சு வழி அடைக்காதபடி காற்றை அழுத்தத்தோடு அனுப்பும் முகமூடி அணிகிறார்.

தை மாதம் மறுபடி எடுத்த பரிசோதனையில் 34 என்பது 2 ஆகியிருந்தது. தாடை இன்னும் வளர வேண்டிய வயது என்பதால் ஆண்டுதோறும் அளந்து பார்ப்பார்கள். பின்னாளில் இன்னொரு முறை நீட்ட நேரிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

ஆயாம்மா, நீங்கள் ஓய்வு பெற்றுப் பேரையூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். இந்த மடல் யார் மூலமாவது உங்களிடம் வந்து சேரட்டும். சென்ற வாரம் பள்ளியில் அவள் முட்டையை மசிக்காமல் முழுதாகக் கையில் வாங்கி, கடித்துச் சாப்பிட்டிருக்கிறாள்.

நன்றியுடன்,
ஒரு தாய்,
திருமங்கலம்