உளுந்தூர்பேட்டை இரவும் ஒரு நிலைக்குழுவும்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பேத்தியைப் பள்ளியில் விட்டு வரும்போது டெல்லிக் குளிர் எலும்பு வரைக்கும் போகிறது என்று எழுதியிருந்தாய். காதை மூடிக்கொண்டு போ. தங்கச்சியின் முழங்காலுக்கு நான் அனுப்பிய தைலம் கேட்கிறதா? இங்கே எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மூத்தவனுக்குத் திருச்சிக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. அதில் அவன் அம்மாவுக்குத்தான் ரொம்பச் சந்தோஷம்.

பஸ்ஸில் நாடாளுமன்றத்தைத் தாண்டிப் போனபோது, "உள்ளே கூச்சல் போடுவதைத் தவிர என்னடா நடக்கிறது?" என்று தோன்றியதாக எழுதியிருந்தாய். வேறு யார் கேட்டிருந்தாலும் பேசாமல் இருந்திருப்பேன். உளுந்தூர்பேட்டை இரவில் என்னோடு இருந்த நீ கேட்டதால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

1994. கல்யாணத்துக்குப் போய்விட்டு, கடன் வாங்கிய அம்பாசடரில் திரும்பிக்கொண்டிருந்தோம். நாலுவழிச் சாலை வராத காலம். டிவிஎஸ் 50 ஓரமாக நசுங்கிக் கிடந்தது, அந்த மனுஷன் புளியமரத்தடியில் கிடந்தார். நமக்கு முன்னால் எத்தனை வண்டிகள் நிற்காமல் போயினவோ. முதலில் போன ஆஸ்பத்திரியில், "போலீஸ் கேஸ், இங்கே வேண்டாம்" என்று கதவைக்கூடத் திறக்கவில்லை. இன்னொரு ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று மணி நேரம். உயிர் பிழைத்தார், கால் போய்விட்டது. அப்புறம் நம்மை ஸ்டேஷனில் விடியும்வரை உட்காரவைத்து, "நீங்கள்தானே இடித்தீர்கள்?" என்று மாற்றி மாற்றிக் கேட்டார்களே, அது என் மனதை விட்டுப் போகவே இல்லை. இரண்டு வருஷம் சாட்சி சொல்ல அலைந்தோம். அடுத்த முறை ரோட்டில் ஒருவர் கிடந்தபோது நான் வண்டியை நிறுத்தவில்லை, கணேசா. இதை உன்னிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உள்ளே கூச்சல் மட்டும் நடக்கவில்லை. நிலைக்குழு என்று ஒன்று இருக்கிறது, ஒரு துறையின் மசோதாக்களையும் செலவுகளையும் உட்கார்ந்து அலசிப் பார்க்கும் எம்.பி.க்கள் குழு. 1993-இல் துறைவாரியாக நாடாளுமன்ற நிலைக்குழுக்களை அமைத்தார்கள். இப்போது 24 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சராக இருப்பவர் உறுப்பினராக முடியாது. போக்குவரத்து, சுற்றுலா, பண்பாட்டுக்கான குழு மாநிலங்களவைத் தலைவரின் கீழ் வருகிறது. நெடுஞ்சாலை, விமானம், துறைமுகம் எல்லாம் அதன் பொறுப்பு. ரயிலுக்குத் தனிக் குழு உண்டு. கேமரா இல்லாத அறையில் கூடுகிறார்கள். துறைச் செயலாளர்கள் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். டி.வி.யில் ஒருவரையொருவர் கடித்துக் குதறும் கட்சிக்காரர்கள் இங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே அறிக்கையைத் தயாரிக்கிறார்கள். உடன்படாதவர் தன் மறுப்பை எழுதி அறிக்கையோடு சேர்க்கலாம்.

பணத்தையும் அங்கேதான் பார்க்கிறார்கள். 2025-26 பட்ஜெட்டில் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு மட்டும் ஏறக்குறைய 2.87 லட்சம் கோடி ரூபாய். மக்களவையில் நேரம் போதாமல் பெரும்பாலான அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள், அதாவது செலவுக்குப் பணம் கேட்கும் கோரிக்கைகள், விவாதமே இல்லாமல் ஒன்றாக நிறைவேறிவிடுகின்றன. போன வருஷம் கொடுத்த பணத்தை ஏன் செலவழிக்கவில்லை, இந்த வேலை ஏன் முடியவில்லை என்று உட்கார்ந்து கேட்கிற இடம் இந்தக் குழுதான்.

நம் கதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். 2016 ஆகஸ்டில் மோட்டார் வாகனச் சட்டத் திருத்த மசோதா வந்தது. விபத்தில் சிக்கியவருக்கு உதவும் நல்ல சமாரியரைக் காக்கும் பிரிவு அதில் இருந்தது. அதே மசோதாவில், வண்டி இடித்து அடிபட்டவருக்கு இழப்பீடு தரும் மூன்றாம் நபர் காப்பீட்டில் மரணத்துக்கு 10 லட்சம், படுகாயத்துக்கு 5 லட்சம் என்று பொறுப்புக்கு உச்சவரம்பும் வைத்திருந்தார்கள். அந்த டிவிஎஸ் 50காரரை நினைத்துப் பார். முப்பது வயதில் கால் போனவருக்குத் தீர்ப்பாயம் அதற்கு மேல் கொடுக்கச் சொன்னால், மீதியை ஒற்றை லாரி வைத்திருப்பவர் எங்கிருந்து கொண்டுவருவார்? மசோதா இந்தக் குழுவுக்குப் போனது, 2017 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. ஏப்ரலில் மக்களவை நிறைவேற்றிய வடிவத்தில் அந்த உச்சவரம்பு இல்லை. மசோதாவில் ஒரு வரிதான் அது. எத்தனை குடும்பங்களுக்கு அந்த ஒரு வரியால் பிழைப்பு போயிருக்கும்!

பிறகு மாநிலங்களவை அதை, அந்த ஒரு மசோதாவுக்கென்றே அமைத்த தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. 2019-இல் மக்களவை கலைந்ததும் மசோதா காலாவதியானது. அதே வருஷம் ஜூலையில் மீண்டும் கொண்டுவந்து ஆகஸ்டில் சட்டமாக்கிவிட்டார்கள். 134ஏ என்ற பிரிவு அப்படி வந்ததுதான். நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் அந்த உதவிக்காக வழக்குப் போட முடியாது. பெயர், முகவரி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2020-இல் விதியும் வந்தது. உதவுபவரைக் காக்கும் வழிகாட்டுதல்களை உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சிலேயே உறுதி செய்திருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. நம் மாநிலத்தில் 2021 முதல் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் போர்டைப் பார்த்து நான் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. 2022-இல் மட்டும் நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884 பேர். குழு சொல்வதை அரசு கேட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பதில் சொல்லவேண்டும், அவ்வளவுதான். எனக்கு வயிற்றெரிச்சல் வேறு விஷயத்தில். 15-ஆவது மக்களவைக் காலத்தில் (2009-14) நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17-ஆவதில் (2019-24) நூற்றுக்கு 16தான். நாலு பேர் உட்கார்ந்து படிக்காமலே சட்டம் வந்தால், அந்த உச்சவரம்பு மாதிரி வரி எத்தனை தப்பிப் போகும்? கூச்சல் போடுகிறார்கள் என்று நாம் திட்டுகிறோமே, கூச்சல் இல்லாத அறைக்கு மசோதாவை அனுப்பாததற்கு அல்லவா முதலில் கோபப்பட வேண்டும்?

ஒரு வேலை சொல்கிறேன், செய். முக்கியமான மசோதா குழுவுக்குப் போனால் கருத்துக் கேட்டுப் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பார்கள். யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். சாலைப் பாதுகாப்பு பற்றி அடுத்த விளம்பரம் வந்தால் நம் கதையை எழுதி அனுப்பப் போகிறேன். வண்டியை நிறுத்தாமல் போனதையும் சேர்த்துத்தான். எனக்குத் தேதி ஞாபகமில்லை. நமக்கு வந்த சம்மன் காகிதங்களை நீதான் தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தாய். பெட்டி டெல்லிக்கு வந்ததா, இல்லை உன் தம்பி வீட்டுப் பரணில் இருக்கிறதா? அந்த மனுஷனின் சம்சாரம் அடுத்த அறுவடைக்கு ஒரு மூட்டை மல்லாட்டை கொடுத்து அனுப்பியதே, அவர்கள் ஊர்ப் பெயர் உனக்கு நினைவிருந்தால் அதையும் எழுது.

அன்புடன்,
ராஜு