ஆண்டறிக்கை 2024–25: கொள்ளு, நெருஞ்சி, கொஞ்சம் பனி

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் இயங்கும் நமது சைக்கிள் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் வாசிக்கிறேன்.

முதல் ஆறு மாதத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். சித்திரை, வைகாசியில் வெயிலுக்குப் பயந்து ஏழு மணிக்குள் வீடு திரும்பினோம். ஜூன் 3 உலக மிதிவண்டி நாளன்று கே.ஆர்.பி. அணை வரை போய்ப் படம் எடுத்துக்கொண்டோம். படத்தில் இருப்பவர்களில் பாதிப் பேரை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. ஆடியில் ராயக்கோட்டைப் பக்கம் மிதித்தால் எதிர்காற்றில் சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்றது. ஆவணி, புரட்டாசியில் சொல்லும்படி ஒன்றுமில்லை. மீதி எல்லாமே மழை, பனிக்காலக் கதைதான்.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் என்றபோது, கடல் எங்கே, நாம் எங்கே என்று இருந்துவிட்டோம். டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கு 'தூறல் நின்றால் கிளம்பலாம்' என்று வாட்ஸாப்பில் போட்டவன் நான்தான். மறுநாள் காலை 8.30 மணிக்கு அளந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாள் மழை 50 சென்டிமீட்டர். ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் ஏரித் தண்ணீரில் உருண்டு போன காட்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வேனே போன வெள்ளத்தில் சைக்கிள் எந்த மூலைக்கு?

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு ஞாயிறு நம்மில் ஆறு பேர் ஸ்பேனர், கிரீஸ் டப்பா, பழைய பனியன் துணியோடு ஊத்தங்கரை போனோம். பஸ்ஸில்தான் போனோம், மறைப்பானேன். வந்தவை பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா சைக்கிள்கள். முதல் சைக்கிளை நான் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பெல் அடித்துப் பார்த்து அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். நம்மோடு வந்த சைக்கிள் கடை அண்ணன் ஒன்றும் பேசாமல் அதைத் திரும்ப வாங்கினார். சீட் கம்பியை உருவினார். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சட்டத்துக்குள்ளிருந்து ஒரு சொம்பு செம்மண் தண்ணீர் கொட்டியது. அடுத்து முன்சக்கர அச்சைப் பிரித்தார். கோன் என்கிற கூம்பு இரும்பைச் சுற்றி உருளும் பால்ரஸ் குண்டுகள் கிரீஸில் இல்லை, சேற்றில் உட்கார்ந்திருந்தன. "மேல பாத்தா பளபளன்னு இருக்கும். பொங்கல் வரைக்கும் ஓடும். அதுக்குள்ள மண்ணு அரைச்சு அரைச்சு கோனைத் தின்னுடும்" என்றார். அப்புறம் எல்லா வண்டிக்கும் முழு ஓவராயில்தான். பொழுது சாயும்வரை பதினொரு சைக்கிள்தான் முடிந்தது. வரிசையில் இருந்த மற்றவர்களை அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். அந்த அடுத்த வாரம் நம்மில் மூன்று பேர்தான் போனோம். இதை அறிக்கையில் எழுத வேண்டாம் என்று ஒருவர் கேட்டுக்கொண்டார். எழுதிவிட்டேன்.

மார்கழி பிறந்தது, பனியும் வந்தது. ஜனவரியில் இங்கே சூரியன் எழ ஆறே முக்கால் ஆகிறது. நாம் ஐந்தரைக்குக் கிளம்புகிறவர்கள். மங்கி குல்லா, ஸ்வெட்டர், அதற்கு மேல் ஹெல்மெட் என்று ஒவ்வொருவரும் சந்திரனுக்குப் போகிறவர் போல வந்து நின்றதைச் சொல்லி முடியாது. நம் துணைத்தலைவர் செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் பாட்டிலுக்குள் உறைகிற எண்ணெய் செயினில் மட்டும் உறையாதா? அவர் மிதித்த மிதிக்கு ஓசூர் போயிருக்கலாம், காவேரிப்பட்டணம்தான் வந்தது. மெஷின் ஆயில் வாங்கிக் கொடுத்த செலவு கணக்கில் இருக்கிறது.

அந்த வாரங்களில் ஒருநாள் நெடுஞ்சாலை சர்வீஸ் ரோட்டில் எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். என் ஹேண்டில்பாரில் நல்ல வெளிச்சமான விளக்கு. பனியில் அதனால்தான் கெட்டது. வெள்ளை வெளிச்சம் பனியில் பட்டு என் கண்ணுக்கே திரும்பி வந்தது, முன்னால் ஒரு வெள்ளைச் சுவர். அந்தச் சுவருக்குள்ளிருந்து திடீரென்று இரண்டு பால் கேன். பிரேக் பிடித்து ஓரத்து மண்ணில் இறங்கி நின்றேன். பெரியவர் ஒருவர், பழைய இருபத்திரண்டு அங்குல சைக்கிள், கேரியரின் இரு பக்கமும் கேன், விளக்கு என்று ஒன்றும் கிடையாது. "ஏண்ணா, ஒரு லைட் போட்டுக்கக் கூடாதா?" என்றேன். அவர் இறங்கக்கூட இல்லை. "முப்பது வருசமா இதே நேரம், இதே பாதை. ரோடுதான் தம்பி புதுசு" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தால் அந்த நேரத்தில் நம்மைத் தவிரச் சைக்கிளில் இருப்பவர்கள் பால்காரர்கள், மார்க்கெட்டுக்குச் சாமந்தி மூட்டை கொண்டுபோகிறவர்கள், ராத்திரிக் காவல் முடிந்து திரும்புகிறவர்கள். வாரத்தில் ஒருநாள் போகும் நமக்கு முன்னும் பின்னும் விளக்கு. ஏழு நாளும் போகிற அவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஜெர்சி அச்சடிக்க ஒதுக்கியிருந்த பணத்தில் நான் ஒளிரும் பட்டை வாங்கினேன். நிர்வாகக் குழுவைக் கேட்காமல் வாங்கியது தவறுதான், அதற்கான ஒப்புதலை இன்று கேட்கிறேன். வாங்கியது தவறு என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

பட்டை ஒட்டுவதிலும் படிக்க வேண்டியது இருந்தது. மட்கார்டில் ஒட்டினால் கேன் மறைத்துவிடுகிறது. கேனில் ஒட்டினால் இரண்டு நாளில் கழுவும்போது உரிந்துவிடுகிறது. கடைசியில் பெடலின் பின்முகத்தில் ஒட்டினோம். அதுதான் நின்றது. மற்றப் பட்டை லாரி டிரைவர் கண்ணுக்கு ஒரு புள்ளி. மேலும் கீழும் ஏறி இறங்கும் பெடல் பட்டையைப் பார்த்தால் அது சைக்கிள் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். அந்தப் பெரியவரும் ஒட்டிக்கொண்டார், பெரிய மனது பண்ணி. பனி நாளில் விளக்கைக் கண்மட்டத்தில் வைக்காமல் கீழே இறக்கிக் கட்டி, வெளிச்சம் ரோட்டில் விழுமாறு சாய்க்க வேண்டும் என்பதை நானும் அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

அடுத்து, இந்த ஆண்டின் பெரிய சண்டை. கார்த்திகையிலிருந்து தை வரை நம் பக்கத்துக் கிராமச் சாலைகள் எல்லாம் களம்தான். ராகி, கொள்ளு, துவரை எல்லாவற்றையும் ரோட்டில் பரப்பி வைப்பார்கள். போகிற வருகிற வண்டி ஏறி இறங்க, மணி உதிரும். லாரிக்கு அது ஒன்றுமில்லை. இரண்டு சக்கரத்துக்கு ஒவ்வொன்றும் ஒரு வித ஆபத்து. ராகித் தாள் வழுக்கும். துவரை மிளாறு டயரைக் குத்தும். கொள்ளுக்கொடி இருக்கிறதே, அது சுற்றும்.

சுற்றியது என் சைக்கிளில்தான். பர்கூர் தாண்டி ஓர் ஊருக்குள் கொள்ளு மேல் ஏறினேன். பத்தடி போவதற்குள் பின்பக்கம் கரகரவென்று சத்தம். இறங்கிப் பார்த்தால் கியர் மாற்றும் கருவியின் இரண்டு பல்சக்கரத்திலும் கொடி கயிறு திரித்த மாதிரி இறுகியிருக்கிறது. செயின் அதற்குள் புதைந்து, கருவி ஆரக்கம்பிக்குள் இழுபட்டு, அது தொங்கும் காது முறிந்து கிடந்தது. பக்கத்தில் கொள்ளைக் கூட்டிக்கொண்டிருந்த பாட்டி வந்து குனிந்து பார்த்தார். "ஏஞ்சாமி, உன் சைக்கிளு ஏறி எங்க கொள்ளு உடையும்னு பாத்தா, எங்க கொள்ளு சுத்தி உன் சைக்கிளு உடைஞ்சு போச்சே" என்றார். பிறகு ஒரு அரிவாளைக் கொண்டுவந்து கொடியை அறுத்துக் கொடுத்தவரும் அவர்தான். கொடியை உதறி மணியை எடுத்துக்கொண்டார்.

இதற்காகக் கலெக்டரிடம் புகார் மனு கொடுக்க வேண்டும் என்று ஜனவரிக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. நான் கையெழுத்துப் போட மறுத்தேன். சைக்கிள் உடைந்தவனே மறுக்கிறானே என்று கேட்டார்கள். களம் இருக்கிற ஊரில் யாரும் ரோட்டில் காய வைப்பதில்லை. களம் இல்லாத ஊரிலும், ஆள் வைத்து அடிக்கக் கூலி கட்டுபடியாகாத வீட்டிலும்தான் ரோடு களமாகிறது. கேட்பதானால் உலர்களம் கேட்டு மனு எழுதுவோம் என்றேன். மனு எழுதியாகிவிட்டது, இன்னும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அதுவரை ரோட்டில் தானியம் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது. இருட்டில் அந்தப் பாதைகளுக்கே போவதில்லை.

யானை விஷயம் சுருக்கமாக. ஒவ்வொரு பனிக்காலமும் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைக் கூட்டம் இறங்கி, ஊடேதுர்க்கம், சானமாவு காடுகளில் முகாம் போடுவது உங்களுக்குத் தெரியும். ராகி விளையும்போது வருகிற விருந்தாளி. வனத்துறை எச்சரிக்கை வந்ததும் ராயக்கோட்டைக்கு அப்பால் விடியலில் போகும் பயணங்களை நிறுத்தினோம். இரண்டு பேர் மட்டும் தனியாகப் போய்விட்டு வந்து, சூடான சாணம் பார்த்தோம் என்று பெருமையாகச் சொன்னார்கள். இனி அப்படிப் போகிறவர்களுக்குச் சங்கம் பொறுப்பில்லை.

"தைப் பனி தரையைத் துளைக்கும்" என்பார்கள். இந்தத் தையில் துளைத்தது பனியல்ல, நெருஞ்சி. டிசம்பர் மழைக்கு ரோட்டோரமெல்லாம் படர்ந்து, மஞ்சள் பூ பூத்து, பார்க்க அழகாக இருந்தது. காய் காய்ந்ததும் வேலையைக் காட்டியது. ஒரு காய் ஐந்து துண்டாக உடைகிறது. ஒவ்வொரு துண்டிலும் முள். எப்படிப் போட்டாலும் ஏதாவது ஒரு முனை வானத்தைப் பார்த்தே நிற்கும். அணையின் கால்வாய்க் கரைப் பாதையில் ஒரு காலையில் ஏழு பேருக்கு ஒன்பது பஞ்சர். பஞ்சர் கிட் இருந்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருவருடைய சொல்யூஷன் டியூப் காய்ந்து கல்லாக இருந்தது.

புதியவர்களுக்காக: டியூபை ஒட்டிவிட்டு அவசரமாக டயரை மாட்டாதீர்கள். முள்ளின் முனை டயருக்குள்ளேயே இருக்கும். துணியால் உட்பக்கம் முழுவதும் துடைத்துப் பாருங்கள், மாட்டும் இடத்தில் முள். தண்ணீர்த் தொட்டி இல்லாத இடத்தில் டியூபை உதட்டருகே கொண்டுபோனால் காற்று கசியும் இடம் தெரிந்துவிடும். எச்சில் தடவினால் குமிழ் வரும். சொல்யூஷன் ஈரம் போய்ப் பிசுபிசுப்பு மட்டும் நிற்கும்வரை பொறுத்து, பிறகுதான் துண்டை ஒட்ட வேண்டும். ஊதி ஊதிக் காயவைத்த ஒருவர் அன்று ஒரே ஓட்டையை மூன்று முறை ஒட்டினார். அவர் பொருளாளர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஜனவரி 23 அன்று முதல்வர் தமிழ்நாட்டு இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையை வெளியிட்டதும், நம் ஊர்க்காரர்களுக்கு, நம் மாவட்டத்தில் அகழாய்வில் பழைய இரும்பு கிடைத்த மயிலாடும்பாறை ஞாபகம் வந்தது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை இரும்பு இன்னும் பழையது என்று ஆகிவிட்டாலும், மயிலாடும்பாறையின் கி.மு. 2172 என்பது நமக்குக் குறைச்சலா? பிப்ரவரி 9 ஞாயிறன்று கிளம்பினோம். 2004-இல் அதே தேதியில்தான் தருமபுரியிலிருந்து பிரிந்து நம் மாவட்டம் பிறந்தது. இதை நினைவுபடுத்தியவர் பணி ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர்தான். வழியில் ஓர் ஊரில் எருது விடும் விழா. தெருவின் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டிவிட்டார்கள், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் சுற்றிப் போனோம். மயிலாடும்பாறையில் பார்க்கப் பாறையும் புதரும் காற்றும்தான். நான்காயிரம் வருடத்துக்கு முன் இங்கே இரும்பு புழங்கியவர்கள் என் சைக்கிளைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று வாத்தியார் கேட்டார். 'இது அலுமினியம், போய்யா' என்றிருப்பார்கள் என்றார் கடை அண்ணன்.

திரும்பும்போது மாந்தோப்பு வழி. தோப்பு முழுக்கப் பூ, அந்த வாசனையில் பத்து கிலோமீட்டர் போனது தெரியவில்லை. ஆனால் பூக்கும் நேரத்தில்தான் தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்கிறார்கள், அதுவும் காற்று அடங்கிய காலையில். மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு அந்தப் புகைக்குள் போனால் நாள் முழுக்கத் தொண்டை கரிக்கிறது. ஆகவே தை, மாசியில் மருந்தடிக்கும் தோப்பு கண்டால் பாதையை மாற்றுவது என்று முடிவு. மாசியில் புளி உலுக்கத் தொடங்கியதும் சந்தோஷம்: ஒவ்வொரு மரத்தடியிலும் பெண்கள் உட்கார்ந்து ஓடு தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருக்க, கேட்காமலே இரண்டு பழம் கையில் கிடைத்தது. மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குக் காவேரிப்பட்டணம் போன குழு ஜனநெருக்கடியில் சைக்கிளை ஒரு வீட்டுத் திண்ணையில் போட்டுவிட்டு நடந்தது. பங்குனியில் மறுபடி வெயில். ஸ்வெட்டர்கள் உள்ளே போயின.

நிர்வாகம்: செயற்குழு மாதம் ஒருமுறை கூட வேண்டும், ஏழு முறை கூடியது. புதிதாக ஒன்பது பேர் சேர்ந்தார்கள், நாலு பேர் சந்தா கட்டியிருக்கிறார்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இன்று வாக்கெடுப்புக்கு இரண்டு தீர்மானங்கள். ஐப்பசி முதல் மாசி வரை பின்பக்கச் சிவப்பு விளக்கு இல்லாத சைக்கிள் நம் பயணத்தில் சேராது. அடுத்தது, தினமும் தொழிலுக்குச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் சந்தா இல்லாமலே உறுப்பினராகலாம், பழுது பார்க்கும் நாளில் அவர்களுடைய சைக்கிள்தான் முதலில். இரண்டாவதற்கு எதிர்ப்பு இருக்கிறது என்று தெரியும். பேசுங்கள், கேட்கிறேன். ஆனால் ஜெர்சி பேச்சை அதோடு சேர்க்க வேண்டாம்.

ஊத்தங்கரைக்குக் கிரீஸ் இலவசமாகக் கொடுத்த கடைக்காரருக்கும், கொடியை அறுத்துக் கொடுத்த பாட்டிக்கும் சங்கத்தின் நன்றி. சங்கத்தின் காற்றடிக்கும் பம்பு, நீலக் கைப்பிடி, பிப்ரவரியிலிருந்து காணவில்லை. யார் வீட்டில் இருந்தாலும் பெயர் கேட்க மாட்டேன், இன்று சாயங்காலத்துக்குள் சைக்கிள் கடையில் வைத்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்