நீல ஃபைலில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

பெண்களான நானும் என் துணைவியும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட உயில், பேங்க் தாள்கள் எல்லாம் இருக்கும் நீல ஃபைலில் நேற்று கடைசித் தாளையும் வைத்து பீரோவில் பூட்டினோம். உங்களில் சிலருக்குச் சங்கடம் வரக்கூடாது என்பதால் பெயர் எதுவும் எழுதவில்லை. படித்தால் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் என் துணைவியின் அண்ணனுக்கு. நானும் அவளும் ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அதில் ஆறு வருடம் நீங்கள் எங்களோடு பேசியதில்லை. விபத்து நடந்த இரவு அவள் நினைவில்லாமல் கிடந்தாள். ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடத்தில் 'துணைவி' என்று எழுதிக் கொடுத்தேன். அதை அடித்துவிட்டு, "ரத்த சொந்தம் யாரையாவது வரச் சொல்லுங்க" என்றார்கள். வேறு வழியில்லாமல் உங்களுக்குப் போன் போட்டேன். தென்காசியிலிருந்து சென்னைக்கு ராத்திரியோடு ராத்திரியாக வண்டி பிடித்து வந்தீர்கள். கையெழுத்துப் போட்டதும் பேனாவை என் கையில் கொடுத்து, "இனிமே எதுன்னாலும் இவங்களையே கேளுங்க. தங்கச்சிக்கு எல்லாம் இவங்கதான்" என்று டாக்டரிடம் சொன்னீர்கள். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை அண்ணா.

வக்கீல் அக்கா, ஒரு ரூபாய் வாங்கவில்லை நீங்கள். 2023 அக்டோபர் 17 அன்று, தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர உச்ச நீதிமன்றம் மறுத்தபோது, இனி எதுவுமே இல்லை என்றுதான் நினைத்தோம். "கல்யாணம்தான் இல்ல. உயில் எழுதக் கூடாதுன்னு யார் சொன்னா?" என்று உட்கார வைத்தீர்கள். பேங்கில் நாமினி போட்டுவிட்டால் போதும் என்றிருந்தேன். நாமினி பணத்தை வாங்கத்தான் முடியும், உயில் இல்லையென்றால் அது வாரிசுகளுக்குத்தான் போகும் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். நினைவில்லாமல் போனால் தீவிர சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று முன்பே எழுதி வைக்கிற மருத்துவ உயிலில் எனக்காக முடிவெடுக்க அவள் பெயரையும், அவளுக்காக என் பெயரையும் எழுத வைத்தீர்கள். அந்தத் தாளைத்தான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

பேங்க் சாருக்கும் நன்றி. ஜாயின்ட் அக்கவுன்ட் கேட்டுப் பயந்துகொண்டே வந்தோம். தடை எதுவும் இல்லை என்று 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் விளக்கம் கொடுத்திருப்பதை நீங்களே எடுத்துக் காட்டினீர்கள். அப்புறம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும், சொத்தில் பங்கு பெறுகிறவராக இல்லாமல் இருப்பது நல்லது. கீழ்வீட்டு அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து வந்தார். தெருமுனை இஸ்திரி அண்ணன் பெட்டியை இறக்கி வைத்து, கையை லுங்கியில் நன்றாகத் துடைத்துவிட்டு, தாள் கசங்கிவிடுமோ என்று ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, இனிஷியலோடு முழுப்பெயரையும் தமிழில் எழுதினார். "ரெண்டு பேரும் நல்லா இருங்கம்மா" என்றார். அன்று அவள் அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அழாதவள்.

நாங்கள் நேரில் பார்க்காதவர்களும் உண்டு. சேர்ந்து வாழ வீட்டை விட்டு வந்து, பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றப் படியேறிய பெண்களே, நீங்கள் போனதால்தான் எங்களைப் போன்றவர்களுக்குத் தைரியம் வந்தது. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வதற்கு முன், தன்பாலின உறவைப் புரிந்துகொள்ள உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டதாக வெளிப்படையாகச் சொன்ன நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்களுக்கும் எங்கள் வணக்கம். சேர்ந்து வாழ்கிற இருவர் தங்கள் உறவை எழுதிக்கொள்ளும் குடும்ப இணைவு ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வழி செய்யலாம் என்று 2023-இல் அவர் தமிழக அரசுக்குச் சொன்னார். அது வந்தால் முதல் நாளே வரிசையில் நிற்போம். குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழி இல்லை என்று 2025 மே மாதம் அதே நீதிமன்றம் சொன்ன செய்தியை அவள்தான் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். இரண்டு தடவை.

வருகிற ஞாயிறு மதியம் எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். அண்ணனும் அண்ணியும் சனிக்கிழமையே வந்துவிடுகிறார்கள். இஸ்திரி அண்ணா, அன்றைக்கு ஒரு நாள் கடைக்கு லீவு விடுங்கள்.

அன்புடன்,
மாடிவீட்டு இருவரும்