மட்டக்களப்பு வவுணதீவு வயல் வாடியில் இருந்த ஐயாவுக்கு

மாரியில் ஓடாதே என்று வீட்டில் சொன்னதுதான். கேட்டால்தானே! 21 கிலோமீட்டர் போட்டி வருகிறது. போன கிழமை முழுக்க கல்லடிப் பாலம், வாவிக்கரை, வலையிறவு தாண்டி வயல் பாதை என்று மழையிலேயே ஓட்டம். வியாழன் காலை வரம்பில் சறுக்கி கணுக்கால் பிரண்டுவிட்டது. போனும் நனைந்து செத்தது.

யானைக் காவலுக்கு வாடியில் இருந்த ஐயா ஓடிவந்து, "என்ன மனே, ஆனை துரத்தினதா?" என்றார். பழைய சாரனைக் கிழித்துக் கட்டி, இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ தந்து, சைக்கிளில் இருத்தி பெரிய ரோட்டு வரை தள்ளிக்கொண்டே வந்தார். சேற்றில் புதைந்த சப்பாத்தை எப்போது எடுத்தாரோ, வாய்க்காலில் அலசி ஹாண்டிலில் தொங்கவிட்டிருந்தார்.

பெயர் கேட்கவில்லை, என் பிழை. ஐயா, மிக்க நன்றி. வீக்கம் வற்றிவிட்டது. சாரன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். தண்ணி வடிந்ததும் வாடிக்கு வருவேன், நடந்துதான்.