கசப்பை அளக்கிற வேலை

மதுரை,
ஐப்பசி 4

அன்புள்ள மாப்ள,

பாளையங்கோட்டையில் உன் வைத்தியசாலை நன்றாக நடப்பது சந்தோஷம். மூட்டுவலித் தைலம் ஒரு பாட்டில் அனுப்பு, காசு பற்றி அப்புறம் பேசலாம்.

"எங்க அப்பத்தா சட்டியில் காய்ச்சியதை நீ கண்ணாடிக் குடுவையில் காய்ச்சுகிறாய், அவ்வளவுதானே" என்று எழுதியிருந்தாய். பாதி உண்மைதான். நிலவேம்பிலிருந்து ஆண்ட்ரோகிராஃபோலைடை, அதாவது அதன் கசப்புப்பொருளை, எப்படி முழுசாக இறக்குவது என்பதிலேயே இந்த வருஷம் போய்விட்டது. முதலில் நான் அசடு வழிந்த கதையைக் கேள்.

கீழமாசி வீதியில் ஒரு மூட்டை வாங்கி வந்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு வற்றவைத்தேன். கருப்பட்டிப் பாகு மாதிரி தட்டில் அப்பிக்கொண்டது. எடை போட்டால் நிறைய. துள்ளிக் குதித்து எச்.பி.எல்.சி.யில், அதாவது கலவையில் எந்தப் பொருள் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கருவியில், ஏற்றினேன். பொருள் அதிகமிருந்தால் வரைபடத்தில் பீக், அதாவது முகடு, உயரமாக வரும். எனக்கு வந்ததைப் பார்த்தால் எறும்புப் புற்று! எடையெல்லாம் பசையும் சர்க்கரையும். மூட்டையைத் தரையில் கொட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பாதிக்கு மேல் தண்டு. கசப்புப்பொருள் இலையில்தான் அதிகம், அதுவும் பூக்கத் தொடங்கும் சமயம் அறுத்த இலையில். வாங்கும்போது கையை விட்டுப் பார்க்காதது என் தப்பு.

பிறகு இலையை மட்டும் நிழலில் உலர்த்தி, எத்தனாலும் (சாராயம்தான்) தண்ணீரும் கலந்து ஊறவைத்தேன். சாராயத்தின் அளவு, சூடு, நேரம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததில் மூன்று மாதம் காலி. ஒன்றைத் திருகினால் இன்னொன்றின் குணம் மாறுகிறது. தண்ணீர் அதிகமுள்ள கலவையில் சூடு ஏற்றினால் பலன் தெரிகிறது, ஏனென்றால் அந்தக் கசப்புப்பொருள் குளிர்ந்த தண்ணீரில் லேசில் கரையாது. சாராயம் அதிகமானால் அதுவே கரைத்துவிடும். சூட்டுக்குப் பெரிய வேலையில்லை, பச்சையம்தான் கூட இறங்கிக் கரும்பச்சையாகிவிடும். ஒருநாள் குடுவையை மூடாமல் விட்டுவிட்டேன். சாராயம் பாதி ஆவியாகப் போய், என்ன கலவையில் ஊறியது என்று எனக்கே தெரியாமல் போயிற்று.

கடைசியில் பாக்ஸ், பென்கென் என்ற இருவர் 1960-இல் கொடுத்த முறையைப் பிடித்தேன். மூன்று காரணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவு என்றால் எல்லாம் சேர்ந்து 27 சோதனை. இவர்கள் முறையில் 15 போதும். மூன்று காரணியையும் ஒரு கனசதுரமாக நினைத்துக்கொள்: அதன் ஓரங்களில் 12, நடுவில் ஒரே சோதனையை 3 தடவை. அந்த மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் என் கையில் கோளாறு. எனக்கு முதல் சுற்றில் ஒத்துப்போகவில்லை. காரணம் அரவை. ஒரு தடவை கொரகொரப்பு, ஒரு தடவை மாவு. மாவாக அரைத்ததில் வடிதாள் அடைத்துக்கொண்டது. சல்லடை வாங்கிச் சலித்தபின் சரியாயிற்று.

ஆனால் அப்பத்தாவை நான் தோற்கடிக்கவில்லை, மாப்ள. அவர் காய்ச்சிய நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்போடு சுக்கு, மிளகு, வெட்டிவேர், பற்படாகம் என்று ஒன்பது சரக்கு. நான் அளப்பது அதில் ஒன்றுக்குள் இருக்கும் ஒரே பொருளை. 2012-இல் டெங்கு வந்தபோது ஊரே குடித்ததே, அதற்கு இந்த பீக்கை வைத்து மார்க் போட நான் தயாரில்லை.

இங்கே அடைமழை. உலர்த்தப் போட்ட இலை பூசணம் பூத்துவிட்டது, அடுத்த சுற்றுக்கு ஒன்றுமில்லை. உன் தோட்டத்துச் செடி மொட்டு விட்டதும் அறுத்து அனுப்பு. தண்டை அங்கேயே உருவிப் போட்டுவிடு.

உன்,
பழைய ரூம்மேட்